மருதாணிக் கையும் வளையல் பெட்டியும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வௌவால் யாருடைய தலைமுடியிலும் வந்து சிக்கிக்கொள்ளாது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த வேலை பார்த்தவள் நான். என் முடி நரைத்ததற்கும் கொட்டியதற்கும் வௌவால்கள் பொறுப்பில்லை. வௌவாலைக் கண்டதும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்திய மனிதர்கள்தான் பொறுப்பு.

மெல்பேர்னின் வடக்குப் புறநகர்களில் வௌவால் மீட்புக்கு இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களில் நான்கு பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் பயிற்சி நாளில் வந்து பேசச் சொன்னார்கள். மேடையில் ஆங்கிலம் பேசும்போது நான் மிகவும் நல்லவளாகிவிடுவேன்; நான் விட்ட பிழைகள் எல்லாம் அழகான பாடங்களாகிவிடும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் இதை உங்கள் அம்மாவிடம் கொடுங்கள். அவர் வாசித்துவிட்டு இந்த வேலைக்கே போக வேண்டாம் என்று சொல்வார். அதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

எப்படிப் பிடிப்பது, எப்படி நிறுப்பது, எத்தனை புழு கொடுப்பது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதில் பாதி நான் எழுதியது, சலிப்பாகத்தான் இருக்கும். நான் இங்கே சொல்லப்போவது இரண்டே சம்பவங்கள். முதலாவதில் நான் முழு முட்டாள். இரண்டாவதில் முக்கால் முட்டாள். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு வருடம் போனது, ஆகவே முன்னேற்றம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேலைக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. பூங்காக்களில் கூட்டம் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களைப் பற்றியதல்ல என் கதை. நம்முடையவை பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். தீப்பெட்டிக்குள் வைத்து மூடலாம், அவ்வளவுதான் உடம்பு. குளிர்காலம் வந்தால் பூச்சி குறைந்துவிடும். இவை உடற்சூட்டைத் தணித்துக்கொண்டு நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் உறங்கும். கூரை இடுக்கு, மரப்பொந்து, கடை வாசலில் மடக்கி வைத்த பெரிய குடை, எங்கே இடம் கிடைத்தாலும் சரி. அந்த நிலையில் ஒன்றைத் தொட்டால் குளிர்ந்த கல்லைத் தொட்டதுபோல இருக்கும். மூச்சு எப்போதாவது ஒன்று வரும். பார்த்தால் செத்தது என்றுதான் சொல்வீர்கள்.

நானும் சொன்னேன்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. மன்னாரிலிருந்து வந்து, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, படித்து, ஒரு விலங்கு மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கோப்பிக் கடைக்காரர் ஒருவர் சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு வௌவாலைக் கொண்டுவந்தார். கடையின் குடையை விரித்தபோது பொத்தென்று மேசையில் விழுந்ததாம். மூடியில் முள்ளுக்கரண்டியால் துளை போட்டிருந்தார், நல்ல மனிதர். நான் கையுறை போட்டுக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். குளிர். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நின்றேன். மூச்சில்லை. 'இறந்தது' என்று சீட்டு எழுதி ஒட்டி, திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு அனுப்புவதற்காக மாதிரிகள் வைக்கும் சின்னக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தவள் என்னைவிடப் பதினாறு வயது இளையவள். வௌவால் ஆய்வு மாணவி. தலையில் ஊதாச் சாயம், காலில் எந்நேரமும் சேற்றுச் சப்பாத்து. எங்கேயாவது பெயரைப் போட்டால் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் போடவில்லை. திங்கட்கிழமை காலை அவள்தான் குளிர்பெட்டியைத் திறந்தாள். பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ இதை எந்த மூலையில் வைத்தாய்?"

"இடப்பக்கம்."

"உன்னுடைய பிணம் வலப்பக்கம் நடந்து போயிருக்கிறது."

வௌவால் மூடியின் துளையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. நான் சீட்டைக் கிழித்துவிட்டு, தேநீர் போடும் மருத்துவமனைக் குசினிக்குள் போய், வெட்கம் அடங்கும்வரை ஐந்து நிமிடம் நின்றேன். திரும்பி வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அதை ஹீட்டர் பக்கத்தில் வைத்திருந்தால்தான் ஆபத்து என்றாள். குளிரில் உறங்குகிற வௌவாலை எழுப்பினால் அது சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துவிடும். வெளியே சாப்பிடப் பூச்சி இருக்காது. குளிர்பெட்டியின் குளிர் அதற்குச் சரியான குளிர். சூடாக்கிப் பார்க்காமல் செத்தது என்று எழுதாதே, காரணமில்லாமல் சூடாக்காதே. இந்த இரண்டையும் என் கையின் பின்புறத்தில் பேனாவால் எழுதிவிட்டாள். சின்னப் பிள்ளைக்கு எழுதுவதுபோல.

அதே வருடம் அவள் சொன்ன இன்னொன்றும் உண்டு. நாம் ஊசி போட்டுக்கொண்டுதான் இந்த வேலைக்கு வருகிறோம், ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வௌவால் கடித்தால், கீறினால், அபூர்வமாக வெறிநாய்க்கடி போன்ற ஒரு நோய் தொற்றலாம். வந்துவிட்டால் தப்ப முடியாது. அதனால் ஊசி போடாத ஒருவரைக் கடித்துவிட்டால் அவருக்கு உடனே ஊசி தொடங்குவார்கள், வௌவாலைக் கொன்று பரிசோதிப்பார்கள். இது பலருக்கும் தெரியும். வௌவாலைக் காப்பாற்றிக் கொண்டுவருகிறவர்கள் இரக்கப்பட்டவர்கள், ஆகவே பொய் சொல்வார்கள்.

"கடித்ததா என்று கேட்காதே," என்றாள். "எங்கே கடித்தது என்று கேள். கடிபடாதவர் எங்கேயும் இல்லை என்பார். கடிபட்டவர் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடிப்பார்."

இனி இரண்டாவது சம்பவம்.

ஜூலை மாதம், சனிக்கிழமை. காலை ஏழரைக்குத் தொலைபேசி அடித்தது. கிரெய்கிபர்னிலிருந்து ஒருவர். ஆங்கிலத்தில் தொடங்கினார். பின்னால் கேட்ட கூச்சல் தமிழாக இருந்ததால் நானும் தமிழுக்கு மாறினேன்.

"மேடம், வீட்டுக்குள்ள வௌவால் பறக்குது. இன்னைக்கு எங்க பொண்ணுக்கு நிக்காஹ்."

"எத்தனை பறக்குது?"

"எண்ணுற நிலைமையில இங்க யாரும் இல்ல மேடம்."

"கதவுகளைச் சாத்துங்கோ. லைற்றெல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. ஒருத்தரும் கையால தொடாதேங்கோ. இருபது நிமிஷத்தில வாறன்."

கீழக்கரைக் குடும்பம். புது வீடு, புதுத் தெரு. நட்ட மரங்களெல்லாம் இடுப்பளவு உயரம். வாசலில் பெண்ணின் வாப்பா, அதாவது தகப்பன், செருப்பில்லாமல் நின்றார். என்னைப் பின்கட்டு வழியாகக் கூட்டிக்கொண்டு போகும்போதே நடந்ததைச் சொன்னார். கல்யாணச் சாப்பாடு மண்டபத்தில் வேண்டாம், விறகடுப்பில் தம் போட்ட பிரியாணிதான் வேண்டும் என்று வீட்டிலேயே சமைக்கிறார்கள். வடக்கே ஒரு வெளியில் பட்டுப்போன பெரிய ரெட் கம் மரத்தை வெட்டியவரிடமிருந்து விறகு ஒரு ட்ரெய்லர் நிறைய வந்திருக்கிறது. அதில் ஒரு கட்டைக்குள் இவை இருந்திருக்கின்றன.

பின்கட்டில் செங்கல் அடுக்கிய மூன்று அடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஆள் உட்கார்ந்து குளிக்கக்கூடிய தேக்சா. மூன்றும் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் விறகுக் குவியல்.

பட்ட மரம் என்றால் பொந்து. பொந்து என்றால் குடித்தனம். அந்த மரத்தில் ஒரு கட்டையில் வௌவால் இருந்தால் மற்றக் கட்டைகளிலும் இருக்கும், அவை இப்போது எரிகின்றன. என் மூளை அவ்வளவு தூரம்தான் ஓடியது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரோரம் கிடந்த தோட்டக் குழாயை எடுத்துத் திருகி முதல் அடுப்பின் மேல் பீச்சியடித்தேன்.

"ஏம்மா! ஏம்மா! என்னம்மா பண்றீங்க!"

தேக்சாவுக்குப் பின்னாலிருந்து புகையோடு ஒருவர் எழுந்தார். அவர்தான் பண்டாரி, பிரியாணிச் சமையற்காரர். கையில் துடுப்பளவு கரண்டி. அடுப்பு சீறி அணைந்து, சாம்பல் பறந்து அவர் தாடியில் படிந்தது.

"உள்ள வௌவால் இருக்கும்," என்றேன்.

"எதுக்குள்ள?"

"விறகுக்குள்ள!"

அவர் கரண்டியை நீட்டி வேலியோரம் காட்டினார். தார்ப்பாயின் கீழே நான்கு உருட்டுக் கட்டைகள் தனியாகக் கிடந்தன.

"பொந்துக் கட்டைய நேத்தே ஒதுக்கிட்டேன். பொந்துக் கட்டைய வெச்சு எவனாவது தம் போடுவானா? உள்ள காத்து ஓடும், தீ ஒரு நெலையா நிக்காது, புகையடிச்சு சோறு பூரா நாறிடும். கையில தூக்குனாலே தெரியும்மா. மத்ததெல்லாம் பொளந்த விறகு, ஒண்ணொண்ணா நான் பாத்து அடுக்குனது. ஒதுக்குன கட்டைக்குள்ள டார்ச் அடிச்சு, மயிரு தெரியுதுன்னு சொன்னதே நான்தான். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். பிள்ளைகளே, விறகைப் பற்றி அங்கே எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தாண்டி ஓடி அவருடைய அடுப்பை அணைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். நாற்பது நிமிடம் போச்சு என்று அவர் மறுபடி விறகு அடுக்க ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற பிறகும் நெருப்பைக் கண்டால் எனக்கு அவருடைய தாடிதான் ஞாபகம் வருகிறது.

வேலியோரம் கிடந்த நான்கையும் டார்ச் அடித்துப் பார்த்தேன், காலி. சரி, மயிர் தெரிந்த கட்டை வீட்டுக்குள் எப்படிப் போனது? பெண்ணின் தாயுடைய தங்கை, எல்லோருக்கும் சாச்சி. விடியுமுன் சுபுஹு தொழுகைக்கு எழுந்தவர் தோட்டத்தில் பனி படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். ஐயோ, அந்தச் சின்ன உயிர்கள் குளிரில் செத்துப்போகுமே என்று மனசு கேட்கவில்லை. கட்டையை உருட்டிக்கொண்டு வந்து, வரவேற்பறையில் ஹீட்டருக்கு முன்னால் வைத்து, மேலே ஒரு கம்பளியும் போர்த்தியிருக்கிறார்.

"பாவம்னு தானே செஞ்சேன்," என்றார் சாச்சி. கையில் விளக்குமாறு வைத்திருந்தார்.

"விளங்குது அக்கா. ஆனா அதுகள் குளிரிலதான் நல்லா நித்திரை கொள்ளும். நீங்கள் வசந்தம் வந்திட்டுதெண்டு எழுப்பிப் போட்டியள்."

கட்டைக்குள் ஏழு. விழித்துக்கொண்டு முறுமுறுத்துக்கொண்டிருந்தன. பொந்தின் வாயைத் துணியால் அடைத்து, கதவு பாதி திறந்த கராஜின் குளிரில் கட்டையை வைத்தேன். இருட்டாக்கிய வரவேற்பறையில் இரண்டு திரைச்சீலை மடிப்பில் இறங்கியிருந்தன. இன்னொன்று சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. மொத்தம் பத்து. கையுறையும் துணியும் பெட்டியுமாகப் பத்தையும் பத்திரப்படுத்த அரை மணி நேரம் ஆனது.

"ஆன்ட்டி, இன்னொண்ணு எங்கிட்ட இருக்கு," என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல்.

கட்டிலில் கல்யாணப் பெண் நஸ்ரின். முந்தின நாள் மாலை வைத்த மருதாணி இரண்டு கையிலும் அப்படியே. நிறம் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று பசையைக் கழுவாமல், மேலே பாலிதீன் பை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். மடியில் சிவப்பு வெல்வெட் வளையல் பெட்டி. மூடி முழுக்கச் சாத்தாமல் நடுவில் ஒரு பேனாவைச் செருகியிருந்தாள். அந்த இடைவெளியில் ஒரு சின்ன மூக்கு.

"சாச்சி விளக்குமாத்த எடுத்துட்டு வந்தாங்க. அடிச்சிடுவாங்களோன்னு நான் கிச்சன் க்ளவ்ஸ் மாட்டிக்கிட்டுப் புடிச்சுப் போட்டேன்."

சூடான தட்டு பிடிக்கும் பஞ்சு வைத்த கையுறை, பாலிதீன் பைக்கு மேலே. புத்திசாலிப் பெண் என்று நினைத்தேன்.

"கடிச்சதோ பிள்ளை?"

"இல்ல ஆன்ட்டி."

"அல்லா காப்பாத்துனான்," என்றார் கட்டிலருகே நின்ற தாய், நஸ்ரினின் உம்மா.

நானும் சந்தோஷமாகப் பெட்டியை வாங்கிக்கொண்டு, படிவத்தில் 'மனிதத் தொடர்பு இல்லை' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன். கதவுவரை வந்துவிட்டேன். அங்கேதான் ஊதாத் தலைமுடி ஞாபகம் வந்தது. நான் கேட்டது பிழையான கேள்வி. அதிலும் எந்த நாளில்? இதற்கு 'ஓம்' என்று சொல்லக்கூடிய கல்யாணப் பெண் உலகத்தில் உண்டா?

திரும்பினேன். பெட்டியைப் பார்த்தபடி சாதாரணமாகக் கேட்டேன்.

"எந்தக் கையில பிள்ளை?"

"வலது..."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"போன்ல தேடிப் பாத்துட்டேன் ஆன்ட்டி," என்றாள் நஸ்ரின். கண் நிறைந்துவிட்டது. "கடிச்சுதுன்னு சொன்னா நீங்க இத கொன்னுடுவீங்க. அப்படித்தானே?"

"ஓம். அப்பிடித்தான் நடக்கும். உனக்கும் இண்டைக்கே ஊசி."

பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. படிவத்தில் டிக் போட்டுவிட்டுப் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்பதும் உண்மை. அந்த ஆசை எனக்கு வந்தது, மறைக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்த உயிர் என் கட்டைவிரல் அளவு. ஆனால் எதிரே இருந்தது யாரோ பெற்ற பிள்ளை.

பஞ்சுக் கையுறையை வாங்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் அடியில் ஈரமாக இரண்டு பல்லுத் தடம். பஞ்சுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. கையைப் பார்க்கலாம் என்றால் கை முழுக்க மருதாணிக் கொடியும் பூவும். வௌவாலின் பல் ஊசி முனையைவிடச் சின்னது. கீறல் இருந்தாலும் அந்தக் கோலத்துக்குள் யார் கண்டுபிடிப்பது? இத்தனை வருடத்தில் எத்தனையோ கை பார்த்திருக்கிறேன், மருதாணிக் கையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சுகாதாரத் துறையின் அவசர எண்ணில் கடமையிலிருந்த மருத்துவரை அழைத்து, எல்லோரும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பல் தோலைத் தொடவில்லை என்று நிச்சயமாகக் காட்ட முடியுமா, முடியாவிட்டால் எப்போதும்போலத்தான் என்றார்.

அப்போதுதான் பாலிதீன் பை என் கண்ணில் பட்டது. பஞ்சுக் கையுறைக்கும் தோலுக்கும் நடுவே அது இருந்தது. பல் தோலைத் தொட்டிருந்தால் பையைத் துளைத்துத்தான் தொட்டிருக்க வேண்டும். மருத்துவமனையில் ரப்பர் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று நாங்கள் பார்ப்பது தண்ணீர் நிரப்பித்தான். மருத்துவரிடம் சொன்னேன்.

கொஞ்சம் யோசித்தார். "செய்யுங்கள். ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பை கழன்ற உடனே கையைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வையுங்கள். நான் இணைப்பிலேயே இருக்கிறேன்."

"கழுவுறதா?" உம்மா அலறினார். "இன்னும் ரெண்டு மணி நேரம் தண்ணி படக்கூடாதுன்னு மருதாணி வெச்ச பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கு! நிறமே புடிக்காது!"

"உம்மா," என்றாள் நஸ்ரின், "கழுவிக்கிறேன். குழாயத் தெறங்க."

இதற்குள் சாச்சி உதவி செய்ய ஓடிவந்தார். பையைச் சட்டென்று கழற்றக் கத்தரிக்கோலோடு.

"அக்கா, அதைக் கீழ வையுங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் வளையல் பெட்டிக்குள்ளிருந்ததுகூடக் கத்தியது. கத்தரிக்கோல் முனை ஒரு தடவை பட்டிருந்தால் அந்தப் பை எதற்கும் உதவாது. ரப்பர் வளையத்தை உருட்டி எடுத்து, விரல் விரலாக, நகம் படாமல் உரித்தேன். காய்ந்த பசை பொலபொலவென்று விரிப்பில் கொட்டியது.

அந்த வீட்டுக் குளியலறையில் இரண்டு கழுவு தொட்டிகள். ஒன்றில் நஸ்ரின் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மற்றதில் நான் பையின் உள்ளே இருந்த பசையை அலசிவிட்டுத் தண்ணீர் நிரப்பினேன். கதவருகே உம்மா, வாப்பா, சாச்சி, அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுத் தலைகள். எல்லாவற்றுக்கும் மேலே பண்டாரியின் கரண்டி. அடுப்பை விட்டுவிட்டு அவரும் வந்துவிட்டார்.

பையின் வாயை முறுக்கிப் பிடித்துத் தூக்கினேன். உப்பிக்கொண்டு வந்தது. அடியில் ஒரு துளி சேர்ந்து, தொங்கி, விழுந்தது.

"யா அல்லா," என்றார் யாரோ.

அந்தத் துளி விழுந்த இடத்தையே பார்த்தேன். பிறகு என் கையைப் பார்த்தேன். முழங்கை வரை நனைந்திருந்தது. அலசும்போது பையின் வெளிப்புறமும் நனைந்துதான் இருந்தது. துண்டு கேட்டேன். பையை, என் கையை, தொட்டியின் விளிம்பை எல்லாம் நன்றாகத் துடைத்தேன். தொட்டியில் ஒரு காய்ந்த டிஷ்யூ தாளை விரித்து, அதன்மேல் பையைப் பிடித்து, அடிப்பக்கத்தை மெல்ல அழுத்தினேன். சுண்டுவிரல் பட்டிருந்த பக்கம். பிறகு எல்லாப் பக்கமும். பண்டாரி சத்தமாக எண்ண ஆரம்பித்தார். சோற்றுப் பதம் பார்க்க எண்ணுவாராம். நூறு வரை எண்ணினார்.

தாள் காய்ந்தே இருந்தது.

"இன்னொரு தரம்," என்றார் மருத்துவர் தொலைபேசியிலிருந்து. இன்னொரு தரம் செய்தோம். இப்போது கதவருகே நின்ற எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். பிறகு கழுவிய கையை வீடியோவில் காட்டச் சொன்னார். வௌவால் பல்லைப் பார்க்க நான் வைத்திருக்கும் உருப்பெருக்கியை வைத்து, சுண்டுவிரலைச் சுற்றிப் பூவுக்குப் பூ, கொடிக்குக் கொடி பார்த்தோம். தோலில் ஒன்றுமில்லை.

"தொடர்பு இல்லை என்று நான் பதிவு செய்கிறேன்," என்றார் மருத்துவர். "நீங்கள் அல்ல, நான். வௌவாலைக் கொண்டுபோங்கள். பெண்ணைக் கல்யாணத்துக்கு அனுப்புங்கள்."

அந்தக் குளியலறையில் எழுந்த சத்தத்தைப் போல நான் ஒரு கிரிக்கெட் மைதானத்திலும் கேட்டதில்லை. சாச்சி என்னைக் கட்டிப்பிடித்தார். நான் நஸ்ரினைக் கட்டிப்பிடித்தேன். வாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் எனக்கும் கண்ணீர் வந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

ஒரு முகம் மட்டும் வாடியிருந்தது. உம்மா மகளின் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருதாணி வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. இடது கையோ பைக்குள் பத்திரமாகச் சிவந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணுக்கு இரண்டு நிறத்தில் கை.

"இதுக்கா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றார் பண்டாரி. பின்கட்டுக்குப் போய் ஓர் இரும்புச் சட்டியைச் சூடாக்கி, பிரியாணிக்கு வைத்திருந்த கிராம்பிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டார். புகை எழுந்ததும் நஸ்ரினை அழைத்து, சுடாத உயரத்தில் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். "திருப்பும்மா. இப்ப இந்தப் பக்கம்." கிராம்புப் புகையில் அந்த நிறம் கண் முன்னாலேயே கருஞ்சிவப்பாக ஏறியது. உம்மாவின் முகமும் கூடவே தெளிந்தது. எங்கள் கையேட்டில் இது இல்லை, சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

பதினொன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். விழித்துவிட்டபடியால் குளிர்காலம் முழுக்க உணவு என் பொறுப்பு. அன்று பின்னேரமே வாப்பா ஒரு பெரிய பாத்திரத்தில் பிரியாணி கொண்டுவந்து தந்தார். பண்டாரி ஒரு செய்தியும் சொல்லி அனுப்பியிருந்தார்: அது நான் நனைத்த அடுப்பின் சோறு, குற்றம் கண்டுபிடித்தால் சொல்லலாம். கண்டுபிடிக்க முடியவில்லை.

வசந்தத்தில் சூடான ஒரு மாலை பார்த்து, அந்தப் பட்ட மரம் நின்ற இடத்துக்கு அருகே, ஓடைக்கரையில் நாங்கள் வௌவால் பெட்டிகள் மாட்டியிருக்கும் இடத்தில் அவற்றை விட்டோம். ஆய்வுக்காக ஒவ்வொன்றின் முன்கையிலும் எண் பொறித்த மெல்லிய வளையம் மாட்டினோம். நஸ்ரின் கணவனோடு வந்திருந்தாள். சாச்சியும் வந்தார், விளக்குமாறு இல்லாமல். வளையல் பெட்டியில் கிடந்தவளுக்கு வளையம் மாட்டும்போது, "இப்பத்தான் பொட்டிக்குப் பொருத்தமா வளையல் போட்டிருக்கு," என்றார் சாச்சி. அது வயிற்றில் குட்டியோடு பறந்து போனது.

போன கோடையில் எனக்குக் கடைசிப் பெட்டிச் சோதனை. அதற்குப் பிறகு சாவிகளை ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஏணியில் ஏறி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, உள்ளே இருப்பவற்றின் எண்ணை வாசித்துச் சொல்ல வேண்டும். என் முழங்கால் ஏணிக்கு ஒத்துவராததால் ஊசியெல்லாம் போட்டுப் பயிற்சி முடித்த ஒருத்தி ஏறினாள். நான் கீழே கதிரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் ஓர் எண்ணை வாசித்தாள். நான் எழுதிவிட்டு, பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்தேன்.

"இன்னொருக்கா வாசி பிள்ளை."

வாசித்தாள். பிறகு மேலேயிருந்து, "அவளா ஆன்ட்டி?" என்றாள்.

"ஓம். அவள்தான்."

"கூட ரெண்டு குட்டி இருக்கு ஆன்ட்டி! ரெண்டு!" என்று கத்தியவள் உடனே, "ஆ!" என்றாள். "கடிச்சிட்டா. அதே கை!"

நான் எழுந்தேன். நஸ்ரின் தாயையும் குட்டிகளையும் அவசரப்படாமல் பெட்டிக்குள் விட்டு, மூடி, ஏணியிலிருந்து இறங்கினாள். மேல் கையுறையைக் கழற்றினாள். உள்ளே போட்டிருந்த ரப்பர் கையுறையை விரல் விரலாக உரித்தாள். தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அதை நிரப்பி, வெளிப்புறத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, வாயை முறுக்கி வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.

நாங்கள் இரண்டு பேரும் அதன் கீழே பார்த்துக்கொண்டு சத்தமாக நூறு வரை எண்ணினோம்.